குக்கர் வெயிட்டில் தொடங்கும் பாடம்

இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவுக்கு எக்ஸ்டர்னலாகப் போகிற வாத்தியார்களுக்குள் ஒரு கேலி உண்டு: கல்லூரி மாறும், மேஜைமேல் நிற்கிற மெஷின் மாறாது. ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகளில் ஒரே மருந்து தெளிக்கும் வண்டியைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குப் பச்சை பெயின்ட், இன்னொன்றுக்கு நீலம், மூன்றாவதற்கு அவசரத்தில் பிரைமர் மட்டும். சைக்கிள் சக்கரம், செயின், ஒரு பிஸ்டன் பம்பு, பின்னால் நான்கு நாஸில். தள்ளினால் தெளிக்கும்.

மூன்றாவது கல்லூரியில் மெதுவாகக் கேட்டேன். “தம்பி, இது எந்தப் பயிருக்கு?”

“எல்லாப் பயிருக்கும் சார்.”

“நெல்லுக்கு?”

“ஆமா சார்.”

“சேத்துல இந்தச் சக்கரம் ஓடுமா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். டெல்டாக்காரன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: “எங்க அப்பாவும் இதையேதான் கேட்டாரு சார்.”

அவன்மேல் கோபம் வரவில்லை. அந்த வண்டியை அவன் ஒரு புராஜெக்ட் சென்டரில் வாங்கியிருந்தான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஓடுகிற ஒரு மாடல், ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ரிப்போர்ட், பத்து நிமிடப் பேச்சு. தேர்வு கேட்டது அவ்வளவுதான், அதை அவன் கொண்டுவந்துவிட்டான். அப்பா கேட்ட கேள்விக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை.

பொறியியல் மாணவர்களுக்குப் பொருள் வடிவமைப்பையும் உருவாக்கத்தையும் சொல்லித்தர முடியுமா, முடியுமென்றால் எப்படி என்ற விவாதத்துக்கு எழுபது வயதுக்குமேல் ஆகிறது. அதில் பாதிக் கேள்விகளுக்கு நல்ல விடைகள் கிடைத்தும்விட்டன. கிடைத்த விடைகள் ஏன் நம் வகுப்பறைக்குள் நுழைய மறுக்கின்றன என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

முதலில் வடிவமைப்பு எப்படிப் பாடத்திட்டத்தை விட்டுப் போனது என்று பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கப் பொறியியல் கல்லூரி என்றால் பட்டறையும் வரைபடப் பலகையும்தான். போரின்போது ராடார் போன்ற பெரிய வேலைகளில் இயற்பியலாளர்கள் முந்திக்கொண்டார்கள். பொறியாளர்களுக்கு அறிவியல் போதவில்லை என்ற உறுத்தல் வந்தது. அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கம் 1955இல் வெளியிட்ட கிரின்டர் அறிக்கை அந்த உறுத்தலுக்கு எழுத்து வடிவம் தந்தது. வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், பொருள்களின் வலிமை ஆகியவை நடுவீட்டுக்கு வந்தன. பட்டறை கொல்லைப்புறம் போனது. அந்த அறிக்கை வடிவமைப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டு விடை திருத்துவது எளிது, வடிவமைப்பைத் திருத்துவது கடினம். எளிதானது தங்கியது.

1969இல் ஹெர்பர்ட் சைமன் ‘செயற்கையின் அறிவியல்கள்’ நூலில் இதைக் கடுமையாகவே விமர்சித்தார்: பொறியியல் பள்ளிகள் இயற்பியல், கணிதப் பள்ளிகளாகிவிட்டன, வடிவமைப்பைப் பாடமாக நடத்த அவை கூச்சப்படுகின்றன. பிரிட்டனில் இதே கவலை 1963இல் ஃபீல்டன் குழு அறிக்கையாக வந்திருந்தது. ஜெர்மானியர்கள் புலம்பவில்லை, நூல் எழுதினார்கள். பால், பைட்ஸ் இருவரின் வடிவமைப்பு நூல் 1977இல் வந்தது. தேவையைத் தெளிவாக்கு, செயல்களாகப் பிரி, ஒவ்வொரு செயலுக்கும் வழிகளைத் தேடு, பிறகு சேர் என்று படிப்படியாகச் சொல்லும் நூல் அது. இன்றுவரை பெரும்பாலான பாடநூல்களின் எலும்புக்கூடு அதுதான்.

இன்னொரு பக்கம், விளையாட்டாகச் சொல்லித்தந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் ஆர்னால்ட் 1950களின் தொடக்கத்தில் ஆர்க்டூரஸ்-4 என்ற கற்பனைக் கிரகத்தைப் படைத்து, அங்கே வசிக்கிற பறவைச் சாயல் கொண்ட, மூன்று விரல் உயிர்களுக்குக் கருவிகள் செய்யச் சொன்னார். வாத்தியாருக்குக் கிறுக்கு என்று பலர் நினைத்திருப்பார்கள். விஷயம் ஆழமானது. பயன்படுத்துகிறவன் நம்மைப் போன்றவன் அல்ல என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்கு அவனை வேற்றுக் கிரகத்துக்கே அனுப்பிவிட்டார். அதே எம்.ஐ.டி.யில் 1970களில் வூடி ஃபிளவர்ஸ் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி உதிரிச் சாமான் பொட்டலத்தைக் கொடுத்து, இதிலிருந்தே ஒரு மெஷின் செய்து போட்டியிடு என்றார். உலகமெங்கும் இன்று நடக்கிற மாணவர் ரோபோ போட்டிகளில் பலவற்றுக்கு அந்த வகுப்பின் சாயல் உண்டு. 1992இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோ போட்டியின் நேரடித் தாய் அதுவே.

இந்தியாவில் வடிவமைப்பு வேறொரு வாசல் வழியாக வந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் அரசு கேட்டுக்கொண்டபடி 1958இல் ஓர் அறிக்கை தந்தார்கள். சாதாரணச் சொம்பைக் கையில் எடுத்து, இதை வடிவமைக்க எத்தனை விஷயங்களை யோசிக்க வேண்டும் என்று அதில் அவர்கள் போட்ட பட்டியலை வடிவமைப்பு மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம், 1969இல் ஐ.ஐ.டி. பம்பாயில் தொழில்துறை வடிவமைப்பு மையம். இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் ஒரு பாகப்பிரிவினையும் சேர்ந்தே நடந்துவிட்டது. பொருளின் உருவம், பயன்படுத்துகிறவரின் கை, கண் எல்லாம் அவர்கள் வீட்டுச் சொத்து. தண்டும் பற்சக்கரமும் தாங்கியும் நம் வீட்டுச் சொத்து. நம் மெக்கானிக்கல் வகுப்பில் ‘டிசைன்’ என்றால் தண்டின் விட்டத்தைக் கண்டுபிடிப்பது. டிசைன் டேட்டா புக்கை மடியில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதலாம். அந்தத் தண்டு எந்த மெஷினுக்கு, அந்த மெஷின் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

கோவையில் ஒருவர் இதையெல்லாம் முன்பே கேட்டிருக்கிறார். ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். 1930களிலேயே மின்சார ஷேவிங் ரேசர் செய்தவர். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் காரணமாக இருந்தார்; இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது. நான்காண்டு படிப்பு வீண், இரண்டாண்டில் கைத்தொழிலோடு முடித்துவிடலாம் என்று வாதாடினார், அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிக்கொண்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். வெப்ப இயக்கவியல் தெரியாமல் இன்ஜினை மேம்படுத்த முடியாது. ஆனாலும் கோவையின் பம்புசெட்டும் வெட் கிரைண்டரும் கல்லூரிப் பாடத்திட்டத்திலிருந்து பிறந்தவை அல்ல. 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். அதற்குப் பின் வந்த சாய்க்கும் கிரைண்டர், மேஜைமேல் வைக்கும் கிரைண்டர் இரண்டுக்கும் பின்னால் மாவை வழிக்கிற பெண்ணின் முதுகுவலி இருக்கிறது. கல்லைக் கையால் தூக்கி, ஒட்டிய மாவை வழித்து, கழுவி, திரும்ப வைக்கிற அந்த அரைமணி நேரத்தைப் பார்த்தவர்கள்தான் அவற்றைச் செய்தார்கள். பார்த்தார்கள் என்ற வினைச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புத்தகத்துக்கு வருவோம். கார்ல் உல்ரிச், ஸ்டீவன் எப்பிங்கர் எழுதிய ‘பிராடக்ட் டிசைன் அண்ட் டெவலப்மென்ட்’ 1995இல் வந்தது. எம்.ஐ.டி. வகுப்பறையில் விளைந்த நூல். இன்று உலகின் பல நாடுகளில் பாடம். நல்ல நூல், அதில் சந்தேகமில்லை. வாடிக்கையாளர் தேவை, அளவீடுகள், கருத்துருவாக்கம், தேர்வு, கட்டமைப்பு, உற்பத்திக்கேற்ற வடிவமைப்பு, முன்மாதிரி, செலவுக் கணக்கு என்று அத்தியாயங்கள் வரிசையாகப் போகும்; ஒவ்வொன்றிலும் ஆணியடிக்கும் கருவி, மருந்தூசி என்று ஒரு நிஜப் பொருள் உண்டு. அந்தப் பொருள்களைச் செய்துகொண்டே படிக்க வேண்டிய நூல் அது. நம்மிடம் அது ‘கருத்துத் தேர்வின் படிநிலைகளை விளக்குக’ என்ற 13 மதிப்பெண் கேள்வியாக வந்து நிற்கிறது. நீச்சலின் படிநிலைகளை விளக்கி 13க்கு 11 வாங்கலாம், கிணற்றில் குதிக்கச் சொன்னால்தான் தெரியும்.

ஸ்டூவர்ட் பியூ உருவாக்கிய ஒப்பீட்டு அட்டவணைக்கு நேர்ந்த கதி இதைவிடச் சோகம். நாலைந்து யோசனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மூல யோசனையோடு ஒப்பிட்டு, கூட்டல், கழித்தல், சமம் என்று குறி போடுவது அவர் முறை. கூட்டிப் பார்த்து முதல் பரிசு கொடுக்க அல்ல அந்த அட்டவணை. இதில் ஏன் கழித்தல் வந்தது, அதன் நல்ல காலை எடுத்து இதற்கு ஒட்டவைக்க முடியுமா என்று குழு சண்டை போட்டுக்கொள்ளத்தான். நம் ரிப்போர்ட்டுகளில் ஏற்கெனவே முடிவுசெய்த யோசனைக்கே எப்போதும் அதிகக் கூட்டல் விழும். ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் சொன்ன காலம் போய், கல்யாணத்தை முடித்துவிட்டு ஜாதகம் எழுதுகிற கதை.

முறைகளைவிட முக்கியம் தொடக்கம். மாணவர்களிடம் எது குறைகிறது என்பதை ஆய்வுகள் ஓரளவு துல்லியமாகவே காட்டியிருக்கின்றன. சிந்தியா ஆட்மனும் அவர் குழுவும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்கள், இறுதியாண்டு மாணவர்கள், அனுபவப்பட்ட பொறியாளர்கள் என்று மூன்று தரப்பிடமும் ஒரே வேலையைக் கொடுத்தார்கள்: குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடலை வடிவமைக்க வேண்டும். மூத்த பொறியாளர்கள் மாணவர்களைவிட அதிக நேரம் செலவழித்தார்கள், அதில் கணிசமான பகுதியைப் பிரச்சினையை வரையறுப்பதிலும் தகவல் கேட்பதிலும் செலவழித்தார்கள். மாணவர்கள் சட்டென்று ஊஞ்சல் வரையப் போய்விட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பள்ளியில் இருந்து அவர்கள் கண்ட எல்லாக் கணக்கிலும் கேள்வி அச்சடித்து வந்திருக்கிறது. தேவையான எண்கள் எல்லாம் அதிலேயே இருக்கும், தேவையற்ற எண் ஒன்றுகூட இருக்காது. கேள்வியே தவறாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் வேலை இருந்ததில்லை.

கேள்வி மாறியதால் பொருளே மாறிய கதைக்கு, ஸ்டான்ஃபோர்டில் மிக மலிவான பொருள்களை வடிவமைப்பதற்கென்றே நடக்கும் வகுப்பு நல்ல சாட்சி. 2007இல் அங்கே ஒரு குழுவுக்குத் தரப்பட்ட வேலை: குறைமாதக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர். வழக்கமான இன்குபேட்டர் 20,000 டாலர்வரை விலை போகும். குழுவில் ஒருவர் நேபாளம் போனார். மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன, பல காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறப்பது மலைக் கிராமங்களில், வீடுகளில். அங்கிருந்து மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே குளிர்ந்துபோயின. மலிவான இன்குபேட்டர் என்ற கேள்வி அங்கேயே செத்தது. மின்சாரம் இல்லாத இடத்தில், தாயின் கைக்குள், குழந்தையைச் சூடாக வைப்பது எப்படி என்ற கேள்வி பிறந்தது. மெழுகு போன்ற ஒரு பொருளை உருக்கிப் பையில் வைத்தால், உறையும்போது அது 37 டிகிரியிலேயே பல மணி நேரம் நிற்கும். உள்ளுறை வெப்பம், பள்ளிக்கூட இயற்பியல்தான். குழந்தையைச் சுற்றும் தூக்கப்பையாக அது ‘எம்ப்ரேஸ்’ என்ற பெயரில் வந்தது. குழுவில் இருந்த ராகுல் பணிக்கர் ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்.

கதை அங்கே முடியவில்லை. இந்தியக் கிராமங்களில் சோதித்தபோது ஒரு சிக்கல். பையைச் சூடாக்கும் கருவி வெப்பநிலையை எண்ணில் காட்டியது. டாக்டர் ஒரு கரண்டி மருந்து கொடுக்கச் சொன்னால், கடுமையாக இருக்குமோ என்று அரைக் கரண்டி கொடுப்பது நம் தாய்மார்கள் வழக்கம். 37 என்றால் 30இல் நிறுத்திவிடுவார்கள். எண்ணை எடுத்துவிட்டு, சரி அல்லது சரியில்லை என்று மட்டும் காட்டும் குறி வைத்தார்கள். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்தச் சூத்திரமும் உதவாது. ஒரு பாட்டியோடு உட்கார்ந்து பேசினால் உதவும்.

எத்தனை பேரோடு பேச வேண்டும்? மாணவர்கள் கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்ஆப்பில் 200 பேருக்கு அனுப்பி, வட்ட வரைபடம் போட்டு, அதற்குத் தேவை ஆய்வு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அபி கிரிஃபின், ஜான் ஹவுசர் என்ற ஆய்வாளர்கள் 1993இல் காட்டியது வேறு: 20 முதல் 30 பேரிடம் நிதானமாக, ஒருவரிடம் ஒருவராகப் பேசினால் தேவைகளில் 90 முதல் 95 சதவீதம் வெளியே வந்துவிடும். இருபது உரையாடல். ஒரு குழுவில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஐந்து. ஒரு வாரயிறுதியில் முடியும் வேலை, பஸ் கட்டணம் மட்டும்தான் செலவு. இதைச் செய்யாமல் இருப்பதற்கு வசதிக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

யோசனை எழுப்புவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஜான்சன், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று: சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டும், உறிஞ்சுகுழல் வைக்கக்கூடாது என்று நிபந்தனை. ஒரு தரப்புக்கு மட்டும் உதாரணமாக ஒரு கோப்பையின் படம் தரப்பட்டது. அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. படத்தைப் பார்த்தவர்களில் கணிசமானோர், கூடாது என்று எழுத்தில் இருந்தும், குழல் வைத்தார்கள். கண்ணால் கண்ட வடிவம் எழுத்தில் படித்த விதியைத் தோற்கடித்துவிடுகிறது. யூடியூபில் ஐந்து புராஜெக்ட் பார்த்துவிட்டு யோசிக்கத் தொடங்கும் மாணவனுக்கு ஐந்து உறிஞ்சுகுழல்கள் மாட்டிக்கொள்கின்றன. முதல் பத்து நாள் இணையம் வேண்டாம், தாளில் கிறுக்கு என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். இதனால் எனக்குப் பழைய பஞ்சாங்கம் என்று பெயர்.

இந்தத் துறையின் பயிற்சிகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது பொருளைப் பிரித்துப் பார்ப்பது. ஸ்டான்ஃபோர்டில் ஷெரி ஷெப்பர்ட் 1990களில் இதை ஒரு முழு வகுப்பாகவே நடத்தினார். கெவின் ஓட்டோ, கிறிஸ்டின் வுட் இருவரும் 2001இல் இதை மையமாக வைத்துப் பாடநூல் எழுதினார்கள். நமக்கு லேப் உபகரணம் வாங்க டெண்டர் விட வேண்டாம். காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும்: பழைய மிக்ஸி, சீலிங் ஃபேன், அயர்ன் பாக்ஸ். நான் முதல் வகுப்புக்கு எடுத்துப்போவது பிரஷர் குக்கர்.

வெயிட்டைக் கையில் கொடுத்து, இதன் எடை ஏன் இவ்வளவு என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது. பதினெட்டு வருடம் அதன் விசிலில் சோறு தின்றவர்கள். ஆவி வரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். உள்ளே, வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கூடுதல் அழுத்தம் நிற்க வேண்டும். அப்போதுதான் நீர் 120 டிகிரி அருகே கொதிக்கும். பெருக்கினால் வெயிட் சுமார் 70 கிராம். கரும்பலகையில் இந்த எண் வந்ததும் யாராவது ஒருவர் தராசு கேட்பார். அந்த வருடத்தின் சிறந்த நிமிடம் அது.

அடுத்து, துளை அடைத்துக்கொண்டால்? பாதுகாப்பு வால்வு இருக்கிறது. நீர் வற்றி வெப்பம் ஏறினால் அதிலுள்ள உலோகக் கலவை உருகி வழிவிடும். அதுவும் உருகாவிட்டால்? இங்கேதான் டி.டி. ஜகந்நாதனின் அனுபவத்தைச் சொல்வேன். பிரஸ்டீஜ் குக்கர்கள் வட இந்தியாவில் வெடிப்பதாகப் புகார் வந்தபோது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அந்த நிறுவனத் தலைவர் காரணம் தேடிப் போனார். வால்வு போனதும் மக்கள் கடைத்தெருவில் போலி வால்வு வாங்கிப் போட்டிருக்கிறார்கள், போலி உருகவில்லை. அசல் உதிரியை மட்டுமே வாங்குங்கள் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவர் மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு வைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் காஸ்கெட்டே அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி ஆவியை விட்டுவிடும். மனிதர்கள் போலி உதிரி வாங்கத்தான் செய்வார்கள் என்பதை ஒத்துக்கொண்ட வடிவமைப்பு அது. பயன்படுத்துகிறவரின் தவறு என்ற சொல்லை அந்த வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பயன்படுத்துகிறார்கள். கூடவே இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2347 குக்கருக்கு என்னென்ன சோதனைகள் கேட்கிறது என்று தேடிப் படிக்கச் சொன்னால், தரநிலை என்பது அலுவலகக் கோப்பு அல்ல, பழைய விபத்துகளின் நினைவு என்பது தானே புரிகிறது.

செய்து பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாடே இல்லை. நீல் கெர்ஷன்ஃபெல்ட் 1998இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய, ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி என்ற வகுப்பிலிருந்து ஃபேப் லேப் இயக்கம் வளர்ந்தது. மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமம் அந்த வரிசையின் தொடக்ககால ஆய்வகங்களில் ஒன்று. இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் 3டி பிரின்டர் இருக்கிறது; பார்வையாளர் வரும் நாளில் அது ஒரு பிள்ளையார் அச்சிடும். பிரின்டர் வந்ததால் ஒரு புதிய அறியாமையும் வந்திருக்கிறது. அச்சில் வருவதெல்லாம் தொழிற்சாலையில் வரும் என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பிளாஸ்டிக் வாளி ஏன் மேலே அகலமாக, கீழே குறுகலாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்க என்பார்கள். அது பாதி விடை. அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமே. அந்த ஒன்றிரண்டு டிகிரிச் சாய்வு இல்லாவிட்டால் வாளி அச்சைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். வாயைவிட வயிறு பெருத்த பிளாஸ்டிக் குடம் அப்படியானால் எப்படிக் கழன்றது? ஊதிச் செய்தது, அச்சு இரண்டாகப் பிளந்து திறக்கும். இதை எனக்கு முதலில் சொன்னவர் பேராசிரியர் அல்ல, பட்டறை இன்ஸ்ட்ரக்டர் ஒருவர். மாணவர்கள் அண்ணா என்று கூப்பிடும் அவருக்கு வைவா மேஜையில் நாற்காலி கிடையாது. நம் கல்லூரிகளில் உற்பத்தியை உண்மையிலேயே அறிந்தவர்கள் சம்பளப் பட்டியலின் அடிவரிசையில் இருக்கிறார்கள்.

நன்றாக நடக்கும் இடங்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2006இல் பொறியியல் வடிவமைப்புக்கென்றே தனித்துறை வந்தது. ஏத்தர் மின்ஸ்கூட்டர் நிறுவனத்தை 2013இல் தொடங்கிய தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் அந்தத் துறையில் படித்தவர்கள். அதே வளாகத்தில் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவிகள் மையம், உட்கார்ந்தவர் எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை 2019இல் வெளிக்கொணர்ந்தது. சக்கர நாற்காலி எல்லாருக்கும் ஒரே அளவில் செய்யும் பொருள் அல்ல, செருப்பைப்போல உடலுக்குப் பொருந்த வேண்டியது என்ற எளிய உண்மையை வைத்து அங்கே ஒரு தொழில் முனைவே எழுந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைப்பை ஆராய்ச்சியாகவே செய்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் எம்.இ. பிராடக்ட் டிசைன் படிப்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இறுதிப் புராஜெக்ட்டுக்கு முன்பே ‘டிசைன் அண்ட் ஃபேப்ரிகேஷன் புராஜெக்ட்’ தனியாக வைத்தார்கள். நல்ல எண்ணம்.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் பற்றி எனக்கு இரண்டு மனம். 2017இல் இருந்து அது மாணவர்களுக்கு மேடை தந்திருக்கிறது, வெட்கத்தைப் போக்கியிருக்கிறது. ஆனால் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். 36 மணி நேரத்தில் எதையும் செய்யலாம், யாரையும் புரிந்துகொள்ள முடியாது.

பெரிய கல்லூரிகளைக் காட்டி நாமும் அப்படிச் செய்வோம் என்று சொல்வது எளிது. மாசசூசெட்ஸின் ஒலின் கல்லூரி துறைகளே இல்லாமல், முதல் ஆண்டிலிருந்தே வடிவமைப்பை நடுவில் வைத்து 2002இல் தொடங்கியது. உலகமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. அங்கே மொத்த மாணவர்களே சில நூறு பேர். ஏ.ஐ.சி.டி.இ. நம் கல்லூரிகளுக்கு 2018இல் வகுத்த விகிதம் இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியர் மூன்று தியரி வகுப்பு, இரண்டு லேப், அங்கீகாரக் கோப்புகள், அட்மிஷன் காலத்தில் பள்ளிகளுக்குப் பிரசார நடை எல்லாம் பார்க்க வேண்டும். கட்டடக்கலைப் பள்ளியில் ஆசிரியர் மாணவனின் மேஜைக்கு வந்து, அவன் வரைந்ததன்மேல் பென்சிலால் கோடிழுத்துப் பேசுகிறார். டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூலில் தொழில் கற்பதன் உயிர்நாடியாகக் கண்டது அந்தப் பென்சில் கோட்டைத்தான். அதற்கு ஒரு குழுவுக்கு வாரம் அரைமணியாவது வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள், இந்த அரைமணியை யாரும் எண்ணுவதில்லை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு பொருளைக்கூடச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் அல்ல, நான் உட்பட.

இத்தனையும் உண்மைதான். ஆனாலும் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. காசும் ஆளும் வந்தாலும் மதிப்பீடு இப்படியே இருந்தால் புராஜெக்ட் சென்டர்களின் வாடகைதான் கூடும். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானதை ஒட்டி, பட்டதாரியிடம் இருக்க வேண்டிய திறன்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. தீர்வுகளை வடிவமைத்தல் அதில் ஒன்று. கல்லூரிகள் என்ன செய்தன? ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு திறனுக்கும் உள்ள உறவை 1, 2, 3 என்று எண் போட்டு அட்டவணை நிரப்பின. பொறியியல் கணிதத்துக்கும் வடிவமைப்புக்கும் உறவு 2 என்று போட்ட நண்பரிடம் ஏன் 2 என்று கேட்டேன். “3 போட்டா ஆதாரம் கேப்பாங்க, 1 போட்டா விளக்கம் கேப்பாங்க” என்றார்.

முடிந்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் மாணவன் முடிந்த பொருளைக் கொண்டுவருவான், எங்கிருந்தாவது. வழியில் விழுந்ததற்கும் மதிப்பெண் என்றால் விழுந்ததை மறைக்கமாட்டான். தேதியிட்ட குறிப்பேடு, கைவிட்ட யோசனைகள், உடைந்த முன்மாதிரிகள், யாரோடு பேசினான், பேசியபின் எதை மாற்றினான் ஆகியவற்றை விலைக்கு விற்கும் கடை இன்னும் திறக்கவில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் இன்னொரு நுட்பத்தைக் கண்டுபிடித்தது. உள்ளூர்ச் சேவை அமைப்பு ஒன்றோடு மாணவர் குழுவைக் கட்டிப்போட்டு, வெவ்வேறு ஆண்டு மாணவர்களை ஒரே குழுவில் சேர்த்தார்கள். மூத்தவர் போனாலும் வேலை நிற்காது. பொருள் பல செமஸ்டர் வாழும். நம்மிடம் ஒவ்வொரு மே மாதமும் எல்லாப் புராஜெக்டும் செத்து, பழைய இரும்புக்குப் போய், ஜூலையில் அதே பெயரில் மறுபிறவி எடுக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு மாணவிகள், பூக்கட்டும் மெஷின் செய்யப் போவதாக வந்தார்கள். சரி, பூக்கடையில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்றேன். உட்கார்ந்தார்கள். கட்டுவதில் அந்த அம்மாக்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. பேசிக்கொண்டே, பார்க்காமலே கட்டுகிறார்கள். கட்டும் நேரம்தான் அவர்கள் ஊர்வம்பு பேசும் நேரம், அதை எடுத்துவிட யாரும் கேட்கவில்லை. பிரச்சினை மதியம் இரண்டு மணி வெயில். விற்காத மல்லிகை மொட்டு விரிந்து விலை பாதியாகிவிடுகிறது. மாணவிகள் மெஷினைக் கைவிட்டார்கள். ஈரச் சாக்கு சுற்றிய, காற்றோடும் பெட்டி ஒன்றை வரையத் தொடங்கும்போது செமஸ்டர் முடிந்துவிட்டது. மதிப்பீட்டுத் தாளில் ‘மாடல் நிறைவடைந்ததா: ஆம், இல்லை’ என்றொரு கட்டம். இல்லை என்று அடித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டேன். அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது, இரண்டில் ஏதோ ஒன்று தவறாக இருக்க வேண்டுமே என்று.

மதிப்பெண் பட்டியல் போன பிறகும் அவர்கள் பெட்டியைச் செய்து முடித்து, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மறுவாரம் போய்ப் பார்த்தால் பூக்கார அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உயரம் வசதியாக இருக்கிறதாம், இடுப்பு வலிக்கவில்லையாம். மூடி கொஞ்சம் அமுங்கியிருந்தது, உள்ளே பூ வாடாமல் இருந்தது. இரண்டாவது பெட்டிக்கு மூடியை உட்காரும் பலகையாகவே செய்துகொண்டு போனார்கள்.